தலையில்லாத இரண்டாம் பக்கம்

உப்புவெளியில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பெப்ரவரியும் மார்ச்சும் விலைமனுக் காலம். வாடைக்காற்றும் கடல் உப்பும் சேர்ந்து தின்று தீர்த்த குழாய், பூட்டு, கூரைத்தகடு எல்லாவற்றையும் மாற்றி, பெயின்ட் அடித்து, உல்லாசப் பயணிகள் வந்து இறங்குமுன் அறைகளைத் தயார்படுத்த வேண்டுமென்று நிலாவெளி வீதியெங்கும் விடுதிக்காரர்கள் ஓடித்திரிவார்கள். பொருட்பட்டியல் ஒன்றை எழுதி மூன்று நான்கு கடைகளுக்குக் கொடுத்து விலை கேட்பார்கள். அரச அலுவலகங்கள் ஆண்டு முடியுமுன் அவசர அவசரமாகக் கேட்கும் விலைமனுக்கள் வேறு ரகம். எதுவானாலும் நம்மவர்கள் செய்வது ஒன்றுதான். பட்டியலை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், கணனி வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொடுத்து, வேர்டில் கட்டம் போட்டு அடித்து, பிரின்ட் எடுத்து, சீல் குத்திக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவது.

பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. இரண்டாம் பக்கத்துக்குப் போனால்தான் வினை தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு ஹார்ட்வெயார் வியாபாரி அறுபதுக்கு மேற்பட்ட பொருட்களுக்கு விலைமனு கொடுத்தார். மூன்று பக்கம். அதில் ஒரு பொருள், ஒரு அங்குலப் பிவிசி குழாய், டைப் 1000. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், டைப் 600 என்றால் மெல்லியது, டைப் 1000 என்றால் அழுத்தம் தாங்கும் தடித்த குழாய். விலையும் அதற்கேற்ப ஏறும். அடித்த தம்பி பெட்டிக்குள் 'பிவிசி குழாய் 1 அங்குலம்' என்று அடித்து, என்டர் தட்டி, அடுத்த வரியில் 'டைப் 1000' என்று அடித்திருக்கிறார். சரியாக அந்த இடத்தில் முதலாம் பக்கம் முடிந்துவிட்டது. குழாயும் விலையும் முதற்பக்கத்தின் அடியில் நின்றுவிட, 'டைப் 1000' என்ற சொல் மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் அநாதையாகப் போய் நின்றது. விடுதியின் கணக்குப்பிள்ளை முதற்பக்கத்தைப் பார்த்தார். வேறொரு கடை டைப் 600க்குப் போட்ட விலையையும் பார்த்தார். 'இந்த ஆள் விலை கூட' என்று முடிவுகட்டிவிட்டார். ஓடர் போய்விட்டது. உண்மையில் தடித்த குழாயை நியாயமான விலைக்குக் கொடுக்க முன்வந்தவர் நம்மவர்தான்.

இன்னொன்று அடிக்கடி நடப்பது. கொழும்பிலிருக்கும் முதலாளிக்குக் காட்டவென்று கணக்குப்பிள்ளை இரண்டாம் பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தப் பக்கத்தில் எண்களைத் தவிர ஒன்றுமில்லை. எது அளவு, எது அலகு விலை, எது கழிவு, எது தொகை என்று சொல்லும் தலைப்பு முதற்பக்கத்தோடு நின்றுவிட்டது. 'காக்கா, கடைசிக்கு முந்தின கட்டத்தில் இருப்பது கழிவுக்கு முன் விலையா, பின் விலையா?' என்று கேட்டு எனக்கே அழைப்பு வந்ததுண்டு. கேட்பவர் நல்லவர். கேட்காமலே தன்பாட்டில் ஒரு பொருள் கொண்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எங்கள் வாப்பாமாரின் கணக்குப் புத்தகத்தில் இந்தக் குறை இருக்கவில்லை. பக்கத்தின் அடிக்கு வந்ததும் கூட்டிப் போட்டு 'கொண்டு செல்லப்பட்டது' என்று எழுதுவார்கள். அடுத்த பக்கத்தின் தலையில் 'கொண்டு வரப்பட்டது' என்று அதே தொகையை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்கே போவார்கள். கோடும் தலைப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்தே வரும். எந்தத் தாளைக் கிழித்தெடுத்தாலும் அது தனித்து நின்று பேசும். கணனிக்கு அந்த அறிவு இருக்கிறது. ஆனால் நாம் சொன்னால்தான் செய்யும்.

பக்கம் உடைவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2000ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை ஞாபகப்படுத்துகிறேன். புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் ஜனாதிபதி வேட்பாளர்கள் 10 பேர். முதியவர்கள் அதிகம் வாழும் இடமாதலால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமென்று தேர்தல் அதிகாரி நினைத்தார். நல்லெண்ணம்தான். எழுத்துப் பெரிதானதும் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஆகவே எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பெயர்களைப் பிரித்துப் போட்டு, குத்த வேண்டிய துளைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் நடுவிலிருந்த இரண்டாவது துளை வலப்பக்கத்தின் முதற்பெயரான புக்கானனுக்குரியது. கோருக்குரியது மூன்றாவது துளை. 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகளில் இரண்டு துளை விழுந்து அவை செல்லாமற் போயின. கோருக்குப் போட வந்தவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் தவறுதலாகப் புக்கானனுக்குப் போட்டுவிட்டதாக 2001இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. புளோரிடாவில் ஜோர்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளால். அதன்பின் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நமது நாட்டுத் தேர்தல் ஆணைக்குழு இந்த விஷயத்தில் கெட்டி. 2019இல் ஜனாதிபதி வேட்பாளர்கள் 35 பேர் என்றானபோது, வாக்குச்சீட்டை 26 அங்குல நீளத்துக்கு ஒரே தாளாக அச்சடித்தார்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பட்டியல் எங்கும் உடையவில்லை. விலைமனுவை நாம் 26 அங்குலத்தில் கொடுக்க முடியாது. ஆகவே உடையும் இடத்தைச் சரிப்படுத்துவது ஒன்றே வழி.

குறுக்கே போவது நிரை, கீழே இறங்குவது நிரல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தச் சொற்களிலேயே சொல்கிறேன். கணனியில் காணும் ஆங்கிலப் பெயர்களை அப்படியே எழுதுகிறேன், கடைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினால் அவருக்கு விளங்கும்.

முதலில் தலைப்பு. அட்டவணையின் முதல் நிரையைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். மேலே 'டேபிள் லேஅவுட்' என்ற பகுதியில் 'ரிபீட் ஹெடர் ரோஸ்' என்று ஒன்று இருக்கும். பழைய பதிப்புகளில் அந்தப் பகுதியின் பெயர் வெறும் 'லேஅவுட்'. அதை ஒருமுறை அழுத்தினால் போதும். பட்டியல் எத்தனை பக்கம் ஓடினாலும் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தலைப்பு தானாக வந்து நிற்கும். தலைப்பு இரண்டு நிரை என்றால் முதலிரண்டையும் சேர்த்துத் தெரிவு செய்ய வேண்டும். இரண்டாவதை மட்டும் தெரிவு செய்தால் வேலை செய்யாது, முதல் நிரை கட்டாயம் அதிலிருக்க வேண்டும்.

சிலர் 'அழுத்தினேன், ஆனால் வரவில்லை' என்பார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டிலொன்று. அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும்படி வைத்திருப்பார்கள். 'டேபிள் புரொப்பர்டீஸ்' என்பதைத் திறந்து 'டெக்ஸ்ட் ரெப்பிங்' என்ற இடத்தில் 'நன்' என்று வையுங்கள். இல்லாவிட்டால், அழகுக்காகப் பக்கம் முழுவதற்கும் ஒரு பெரிய கட்டம் போட்டு அதற்குள் இந்த அட்டவணையை அடக்கியிருப்பார்கள். கட்டத்துக்குள் கட்டம் இருந்தால் உள்ளே இருப்பதன் தலைப்பு திரும்ப வராது. வெளிக்கட்டம் வேண்டுமென்றால் பக்கத்துக்குக் கரை போடும் வசதி, 'பேஜ் போடர்', தனியாக இருக்கிறது.

குழாய்க்காரருக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமலிருக்க, அட்டவணை முழுவதையும் தெரிவு செய்து, அதே 'டேபிள் புரொப்பர்டீஸ்' பகுதியில் 'ரோ' என்ற பக்கத்துக்குப் போங்கள். 'அலவ் ரோ டு பிரேக் அக்ரொஸ் பேஜஸ்' என்றிருக்கும் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதன்பின் ஒரு நிரை பாதியில் முறியாது. இடம் போதாவிட்டால் முழு நிரையும் அடுத்த பக்கத்துக்குப் போகும். முதற்பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் விழும், விழட்டும். அதே இடத்தில் நிரையின் உயரம் 'எக்ஸாக்ட்லி' என்றிருந்தால் 'அட் லீஸ்ட்' என்று மாற்றுங்கள். 'எக்ஸாக்ட்லி' என்றால் உயரத்துக்கு மிஞ்சிய எழுத்தை வேர்ட் காட்டாமல் வெட்டிவிடும். வெட்டப்பட்டது திரையிலும் தெரியாது, தாளிலும் தெரியாது.

அடுத்தது மொத்தத் தொகை. கடைசிப் பக்கத்தில் வேறொன்றுமில்லாமல் 'மொத்தம்' என்ற ஒரு நிரை மட்டும் தனியே நிற்கும் விலைமனுக்களை நானே பல கண்டிருக்கிறேன். இலட்சக்கணக்கான ரூபாய் வெள்ளைத் தாளில் தனியே நின்றால் பார்ப்பவருக்கு மனதில் ஏதோ உறுத்தும். இதற்கு, மொத்த நிரைக்கு மேலுள்ள இரண்டு மூன்று நிரைகளைத் தெரிவு செய்து, 'பரகிராப்' பகுதியில் 'லைன் அன்ட் பேஜ் பிரேக்ஸ்' என்பதன் கீழ் 'கீப் வித் நெக்ஸ்ட்' என்பதைச் சரியிடுங்கள். மொத்தம் அடுத்த பக்கத்துக்குப் போனால் அந்த நிரைகளும் கூடவே போகும். மொத்த நிரைக்கு இதைப் போடத் தேவையில்லை. ஆசையில் முழு அட்டவணைக்கும் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கட்டினால் ஒரு பக்கத்தில் அடங்காது, வேர்ட் தன் விருப்பத்துக்கு எங்காவது உடைக்கும்.

இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. ஆனாலும் டவுனில் பெரும்பாலான தம்பிமார் செய்வது வேறு. என்டர் தட்டுகிறார்கள். நிரை அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டுமா? நாலு என்டர். தலைப்பு வேண்டுமா? முதற்பக்கத்திலிருந்து கொப்பி எடுத்து இரண்டாம் பக்கத்தின் தலையில் ஒட்டிவிடு. அந்த நேரத்தில் அந்தக் கணனியில் அச்சொட்டாக இருக்கும். மறுநாள் முதலாளி 'ஒரு பொருள் விடுபட்டுவிட்டது, நடுவில் சேர்' என்று சொன்னதும் எல்லாம் ஒரு நிரை கீழே இறங்கி, ஒட்டிய தலைப்பு பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும்.

இன்னும் சிலர் அட்டவணைக்குள் நின்றுகொண்டு கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்துத் தட்டுவார்கள். பக்கம் உடையும், உண்மைதான். கூடவே அட்டவணையும் இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டாவது துண்டு இனித் தனி அட்டவணை, அதற்குத் தலைப்பு வராது. இதைவிட மோசம் கூட்டல். மொத்தத்தை வேர்டே கூட்டட்டும் என்று 'சம் அபவ்' என்ற சூத்திரத்தைப் போட்டிருந்தால், அது அந்தத் துண்டுக்குள் இருக்கும் எண்களை மட்டுமே கூட்டும். முதற்பக்கத்துப் பொருட்கள் முழுவதும் கணக்கில் வராது. அந்தச் சூத்திரம் விலை மாறினால் தானாக மாறுவதுமில்லை, தொகையில் வைத்து எஃப்9 விசையைத் தட்ட வேண்டும். நிரலின் தலைப்பில் '2025 விலை' என்று எழுதியிருந்தால் அந்த 2025ஐயும் ஒரு தொகையாக நினைத்துக் கூட்டிவிடும் குணமும் அதற்கு உண்டு. என்னைக் கேட்டால், மொத்தத்தைக் கல்குலேட்டரில் ஒருமுறை அடித்துப் பார்க்காமல் எந்த விலைமனுவிலும் கையெழுத்து வைக்கக்கூடாது.

கேள்விப்பத்திர நிபந்தனைகளில் பொதுவாக ஒரு விதி இருக்கும். அலகு விலையும் தொகையும் முரண்பட்டால் அலகு விலையே செல்லும், தொகையை அவர்கள் திருத்திக்கொள்வார்கள். அரச வேலையில் அப்படி ஒரு பாதுகாப்பு உண்டு. விடுதிக்காரரிடம் அது கிடையாது. அவர் கண்ணில் பட்ட தொகையைத்தான் பிடித்துக்கொண்டு பேசுவார், நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்.

கட்டட வேலைக்கு அளவுப் பட்டியல் கொடுப்பவர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கூட்டல் போட்டு, கடைசியில் எல்லாப் பக்கக் கூட்டல்களையும் ஒரு தொகுப்புப் பக்கத்தில் சேர்ப்பார்கள். வாப்பாமாரின் முறைதான் அது. வேர்டில் இதைத் தானாகச் செய்யும் சுலபமான வழி இல்லை. பக்கத்துக்கு ஒரு தனி அட்டவணை, அதற்கொரு தலைப்பு, அதற்கொரு கூட்டல் என்று திட்டமிட்டே அமைக்க வேண்டும். நூறு பொருளுக்கு மேலே போகும் பட்டியலென்றால் அந்தச் சிரமம் வீண்போகாது.

இனி, ஒரு புதிர். டவுனில் பிரின்ட் எடுத்தபோது சரியாக இருந்த விலைமனு, பைலை மெயிலில் அனுப்பி வாங்குபவர் பிரின்ட் எடுத்ததும் ஏன் வேறு இடத்தில் உடைகிறது? பாதி நேரம் குற்றம் காகிதத்தில். நாம் பாவிப்பது ஏ4 தாள், உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் பாவிப்பது லெட்டர் தாள், அதன் உயரம் 279. கணனியை அமெரிக்க ஆங்கிலத்துக்கு வைத்திருந்தால் வேர்ட் புதுப் பைலை லெட்டர் அளவில்தான் திறக்கும். வித்தியாசம் 18 மில்லிமீட்டர், அதாவது மூன்று நிரைக்குக் கிட்ட. உங்கள் பட்டியலை மூன்று நிரை ஏற்றி இறக்கிப் பாருங்கள், எல்லாப் பக்கங்களின் அடியும் தலையும் மாறிவிடும். அட்டவணை போடுமுன் 'சைஸ்' என்ற இடத்தில் ஏ4 என்று இருக்கிறதா எனப் பார்ப்பதுதான் முதல் வேலை.

மீதிப் பாதி எழுத்துருவில். பாமினியில் அடித்த தமிழ், பாமினி இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. யூனிகோட்டில் அடித்தால் அந்தக் குப்பை வராது. ஆனாலும் உங்கள் கணனியில் லதா, வாங்குபவரின் கணனியில் லதா இல்லாமல் நிர்மலா என்று வந்தால் வரியின் உயரம் மாறும். விண்டோஸ் 10இலிருந்து லதா எழுத்துரு எல்லாக் கணனிகளிலும் தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். எங்கள் பகுதியில் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுகிற கடைகள் உண்டு. மூன்று எழுத்துக்கும் மூன்று உயரம். அவர்கள்தான் இதில் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

ஆகவே வேர்ட் பைலை வெளியே அனுப்பாதீர்கள். 'சேவ் அஸ்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எந்தப் போனில் திறந்தாலும், எந்தப் பிரின்டரில் எடுத்தாலும் பக்கம் நீங்கள் விட்ட இடத்திலேயே உடையும். விலையை எவரும் சுலபமாகத் திருத்தவும் மாட்டார்கள்.

எக்செலில் பட்டியல் போடுபவர்களுக்கு வேறு வழி. 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'பிரின்ட் டைட்டில்ஸ்' என்பதைத் திறந்து, 'ரோஸ் டு ரிபீட் அட் டொப்' என்ற இடத்தில் தலைப்பு நிரையைக் காட்டிவிட வேண்டும். பக்கத்தின் அகலத்துக்கு ஒரு பக்கம் என்று கட்டி, உயரத்தை வெறுமையாக விடுங்கள். இல்லாவிட்டால் 'தொகை' நிரல் மட்டும் தனித்தாளில் விழும். பிடிஎஃப் ஆக்குமுன், மறைத்து வைத்த நிரைகள் ஏதும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். 2008 செப்டெம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி முறிந்து, அதன் ஒரு பகுதியைப் பார்க்லேஸ் வங்கி வாங்கியபோது, ஒப்பந்தங்களின் பட்டியல் எக்செலில்தான் வந்தது. வேண்டாத 179 ஒப்பந்தங்கள் மறைத்த நிரைகளில் இருந்தன. நள்ளிரவுக்குள் நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டுமென்ற அவசரத்தில் சட்டத்தரணிகளின் அலுவலகத்தில் பட்டியலை ஒழுங்குபடுத்தி பிடிஎஃப் ஆக்கியபோது அந்த நிரைகள் வெளிப்பட்டு, வாங்கும் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டன. அவற்றை நீக்கித் தரும்படி பிறகு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியதாயிற்று.

வேர்ட் வாங்கக் காசில்லாதவர்கள் களவுப் பிரதியைத் தேட வேண்டியதில்லை. லிப்ரே ஒபிஸ் இலவசம். அதில் 'டேபிள் புரொப்பர்டீஸ்' பகுதியின் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பக்கத்தில் தலைப்பைத் திரும்பப் போடுவதும் நிரையை முறியாமல் வைப்பதும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த விஷயத்தில் அது வேர்டைவிட வசதி என்பேன்.

கடையில் மாட்டும் விலைப்பட்டியலுக்கும் இதெல்லாம் பொருந்தும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலைகளை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டியது நம் கடமை. இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டாவதில் 'மொத்த விலை', 'சில்லறை விலை' என்ற தலைப்பில்லாமல் விட்டால், அதைப் பார்க்கும் அதிகாரிக்கும் விளங்காது, அரை கிலோ பருப்பு வாங்க வந்த உம்மாவுக்கும் விளங்காது.

கடைசியாக இரண்டு சில்லறை விஷயம். அட்டவணை பக்கத்தின் அடிவரை போய் முடிந்தால் பின்னால் ஒரு வெற்றுப்பக்கம் சேர்ந்து வரும். அட்டவணைக்குப் பின் ஒரு வெறும் வரி இருந்தே ஆக வேண்டுமென்பது வேர்டின் சட்டம், அதை அழிக்க முடியாது. அந்த வரியைத் தெரிவு செய்து, எழுத்தின் அளவை 1 ஆக்கி, வரிக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பூச்சியமாக்கினால் அது முந்திய பக்கத்திலேயே ஒடுங்கிவிடும். பக்க இலக்கத்தை வெறும் 2 என்று போடாமல் 'பக்கம் 2 / 3' என்று போடச் சொல்லுங்கள். 'பேஜ் நம்பர்' பகுதியில் 'பேஜ் எக்ஸ் ஒஃப் வை' என்று அதற்கே ஒரு மாதிரி இருக்கிறது. கடையின் பெயரையும் விலைமனு இலக்கத்தையும் திகதியையும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரும்படி 'ஹெடர்' பகுதியில் ஒருமுறை அடித்துவிட்டால், ஃபைலிலிருந்து கழன்று மேசைக்குக் கீழே விழுந்த தாளும் எந்தக் கடையுடையது, எத்தனையாவது பக்கம் என்று சொல்லும்.